பஸ் நின்ற மேடு

பஸ் தரிப்பிடம், அதற்குப் பின்னால் ஞாயிற்றுச் சந்தை, சந்தைக்குத் தண்ணீர்க் குழாய், குழாய்க்குப் பின்னாலேயே வந்த மின்கம்பங்கள், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து நேராக இறங்கும் பாதை. எங்கள் கடைத்தெருவில் இத்தனையும் என் வேலை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன், பிரஜாவுரிமை இல்லாததால் ஓட்டுரிமையும் இல்லாதவன், ஒரு பலசரக்குக் கடையைத் தவிர வேறு பலம் இல்லாதவன் செய்த வேலை. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ருவான்வெல்லைக்கு அப்பால், ஆற்றோரத்து ஊர் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் கிராமச் சபை சந்தையும் பஸ் தரிப்பிடமும் கட்டத் திட்டம் போட்டு, ஆற்றங்கரைத் தட்டையில் முளை அடித்தது. தட்டையில் மண் வெட்டும் செலவில்லை. ஆனால் வைகாசி மழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அது சபைக்கும் தெரியும். மேட்டில் கட்டுங்கள் என்று கேட்டு நடந்து நடந்து என் செருப்புத்தான் தேய்ந்தது.

சபைத் தலைவர் நன்றாகத் தமிழ் பேசும் சிங்களவர். என் கடையில் தேநீர் குடிப்பவர்.

"மேட்டுல முதலாளியோட கடை இருக்கு. அதுதானே விசயம்?" என்று சிரித்தார்.

"இருக்குங்க மாத்தயா. அதுக்காகத் தூக்கி ஆத்துல போடவா முடியும்? வெள்ளம் வந்தா சந்தக்காரன் மூட்டைய எங்க வைப்பான், அதச் சொல்லுங்க."

"பஸ் நிக்கிற எடத்துலதான் சந்தை. முடிஞ்சா மேல நிக்கச் சொல்லுங்களேன், பாப்போம்."

அவர் கேலியாகச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துச் சாரதிகள் வழியில் பிள்ளையாரைக் கண்டால் நிறுத்தாமல் போகமாட்டார்கள். தமிழன், சிங்களவன் என்று பேதமில்லை. நடத்துனர் இறங்கி உண்டியலில் காசு போட்டுக் கும்பிட்ட பிறகுதான் வண்டி நகரும். ஆகவே என் கடைக்கு எதிரே அரசமரத்தடியில் ஒரு பிள்ளையாரை வைத்தேன். தகரக் கூரை போட்டு, உண்டியலும் வைத்து, லயத்துக் கோயில் பூசாரியைக் கூட்டிவந்து பூசை செய்தேன்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சாமிய வச்சு பஸ்ஸ நிப்பாட்டுறீங்களே, ஒங்களுக்குக் கூச்சமே கெடையாதாங்க?"

"சாமிக்கும் நனையாத எடம் வேணும்ல" என்றேன்.

மறுநாள் காலைப் பஸ் மேட்டில் நின்றது. நடத்துனர் காசு போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "முதலாளி, புள்ளையாருக்கே பஸ் ஹோல்ட் போட்டுட்டீங்க!"

நின்ற வண்டியிலிருந்து லயத்துச் சனங்கள் இறங்கினார்கள். கீழே போய் மறுபடி மேடேற யாருக்குப் பைத்தியம்? இறங்கும் கூட்டத்தைக் கண்டு மரக்கறிக்காரிகள் மேட்டிலேயே சாக்கை விரித்தார்கள். அந்த மழையில் சபையின் முளைகளை ஆறு கொண்டுபோயிற்று. தலைவர் புது முளைகளை மேட்டில் அடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் காத்துக் கிடந்து, மேலோடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கினேன். பாதைக்கு ஆள் சேர்த்ததும் நான்தான். உடம்பு அப்போதே பாதி போய்விட்டது.

திறப்பு விழாவன்று சந்தை வாசலில் கல் பதித்தார்கள். தலைவர் பெயர், சபைக்காரர்கள் பெயர், பந்தல் போட்டவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை.

தலைவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "பிரஜாவுரிமை இல்லாத ஆளோட பேரு கல்லுல போட ஏலாதாம் முதலாளி. மேல இருந்து சொல்லிட்டாங்க. கோவிக்க வேணாம்."

"பைப்பு போட்டப்ப யாரும் பிரஜாவுரிமை கேக்கலியே மாத்தயா."

அவர் கையிலிருந்த சோடாவைக் குடித்து முடித்தார்.

பல வருடம் அலைந்து பிரஜாவுரிமை கிடைத்தது. கிடைத்த வாரமே போய்க் கேட்டேன். அதற்குள் தலைவர் மாறியிருந்தார். "கல்லுல எடமில்ல முதலாளி. இன்னுமா அதயே பேசுறீங்க?" என்றார் புதியவர். மனைவியும் விட்டுவிடச் சொல்கிறாள். என் கடைக்காகத்தான் செய்தேன் என்பவர்களும் உண்டு. கடைக்காகவும்தான் செய்தேன். அதனால் சந்தை வெள்ளத்தில் போய்விட்டதா?

எனக்குச் சலித்துவிட்டது. ஆனாலும் விடமாட்டேன். அந்தக் கல்லில் இடமில்லையென்றால் பக்கத்தில் இன்னொன்று நடுங்கள். இடத்தைக் காட்டியவன், பஸ்ஸை நிறுத்தியவன், தண்ணீர் கொண்டுவந்தவன் இவன் என்று என் பெயரைத் தமிழில் வெட்டுங்கள். நான் இருக்கும்போதே வெட்டுங்கள்.