நாளைக்கு மாமா உண்மை பேசிய மதியம்

எங்கள் சபையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நாளைக்கு மாமா' என்றால்தான் தெரியும். தையல்காரர். எப்போது போய்க் கேட்டாலும், "பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார். துணி வாங்கி வைத்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும். திருப்பி வாங்கிப் போகவும் வழி கிடையாது. துணி கைக்கு வந்ததுமே ஒரு கைப்பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுவிடுவார். அரைகுறையாக வெட்டிய துணியை வேறு எந்தத் தையல்காரர் தொடுவார்? குடி கிடையாது, வம்பு கிடையாது, வாயைத் திறந்தால் மட்டும் பொய்.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், லாரி ஓட்டுகிறவன். கல்யாணக் கோட்டை இவரிடம்தான் தைக்கக் கொடுத்திருந்தான். கல்யாணத்தன்று காலையில், "அயர்ன் போட்டுட்டே இருக்கேன், நீ சர்ச்சுக்குப் போ, பின்னாலயே கொண்டு வர்றேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார். அவன் பழைய சட்டையோடு பீடத்தின் முன் நின்றான். கோட்டுத் துணியில் ஒரு கைதான் வெட்டியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை அவன் மறக்கவேயில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, "இனிமே பொய் சொல்ல மாட்டேன், ஆண்டவர் முன்னால சொல்றேன்" என்று தேம்பித் தேம்பி அழுதார். "நாளைக்குல இருந்தா?" என்று அவர் மனைவியே கேட்க, சபை முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன்.

அந்த வாரமே, உச்சி வெயிலில், அவர் கடைக்குப் போனேன். பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். எங்கள் அங்கித் துணிகள் மாதக்கணக்காக அவரிடம் கிடந்தன. வரிந்துகட்டிக்கொண்டுதான் போனேன். "எப்ப தருவீங்க?" என்றேன்.

"அக்கா, ஒவ்வொண்ணுலயும் ஒரு கைதான் வெட்டியிருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மை சொல்கிற மனிதரை எப்படித் திட்டுவது என்று யோசிப்பதற்குள் அவர் மச்சினி கடைக்குள் ஓடி வந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"அத்தான், கொன்னுடுவேன்னு துரத்திட்டு வர்றார்."

ஏற்கெனவே ஒருமுறை அவள் கையை உடைத்தவன், அவள் புருஷன். கடைக்கு ஒரே வாசல். உடை போட்டுப் பார்க்கிற மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் அவளைத் தள்ளிவிட்டு ஷட்டரை இறக்க ஓடினார். பாதிகூட இறங்கவில்லை. ஒரு கை அதை மேலே தள்ளியது.

சகலை. இன்னொரு கையில் லாரிச் சக்கரம் கழற்றுகிற இரும்புத் தடி.

"எங்க அவ?"

நான் துணிக்குவியலோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன். திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மாமாவின் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். 'ஆண்டவரே, இன்னிக்கு ஒருநாள் மட்டும் இவர் நல்லாப் புளுகட்டும்' என்று மனதுக்குள் மன்றாடினேன். அப்படி ஒரு ஜெபத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை.

மாமா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார்.

"உள்ளதான் இருக்கா. அந்தத் திரைக்குப் பின்னால."

பாவி மனுஷன், திருந்துவதற்கு இவனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா!

அவன் திரையைப் பார்த்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யார் காதுல பூ சுத்துற? என் கல்யாணத்தன்னிக்கும் இதே மூஞ்சியோடதான் அயர்ன் போட்டுட்டு இருக்கேன்னு சொன்ன. என்னை இங்க தேடவிட்டுட்டு அவளை பஸ் ஏத்தி அனுப்பிட்ட, அதானே?"

காறித் துப்பிவிட்டு பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினான். நான் ஷட்டரை இறக்கிவிட்டு போலீசுக்குப் போன் போட்டேன். தடியும் கையுமாக பஸ் நிலையத்திலேயே அவனைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சபையில் மாமாதான் கதாநாயகன். "என்ன மூளை! நம்ப மாட்டான்னு தெரிஞ்சே சொல்லியிருக்கார் பாருங்க" என்று ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். தலையை ஆட்டினால் போதும், அந்தப் பெருமை முழுக்க அவருக்குத்தான். அவர் ஆட்டவில்லை.

"இல்லங்க. பொய் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். வரலை. பயத்துல உள்ளது வெளிய வந்துடுச்சு. என் மூளையில ஒண்ணுமே இல்ல."

புருவத்தில் தையலோடு பக்கத்தில் நின்ற மச்சினி அவரையே முறைத்துப் பார்த்தாள். "அப்ப நீங்க என்னை நெசமாவே காட்டிக்கொடுத்தீங்களா? அவர் நம்பியிருந்தா?"

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்பியிருந்தா நீ இல்லம்மா. நான் முன்னாடியே யோக்கியனா இருந்திருந்தா, அவன் நம்பியிருப்பான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள் அவை.