யாவாரம் பேசாத மைக்

காலையில் குடும்பக் குழுவில் மச்சான் இறால் விலை போட்டிருந்தார். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். நான் காட்டவில்லை. பழைய கோபம் அது, இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

இறால் என்றதும் ஈயம் பற்றவைக்கும் வாசம் வருவது எனக்கு மட்டும்தான். அறந்தாங்கியில் மச்சானின் மீன்கடையில் வேலை பார்த்தேன். கடை மாடியில் என் அறை. சம்பளத்தை ஒயரிலும் ஆன்டெனாவிலும் கொட்டி, பரீட்சை எழுதி, அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தேன். என்னைவிட என் செட் நன்றாகச் சாப்பிட்டது.

ஊர்விட்டு ஊர் லைசென்ஸ்காரர்கள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் அந்தப் பேச்சுக்கு இரண்டு சட்டம். வியாபாரம் பேசக்கூடாது. ஒளித்தும் பேசக்கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரு அடைமழை நாளில் டெலிபோன் செத்துப்போனது. மச்சான் மாடியேறி வந்தார்.

"மாப்ள, ஜெகதாப்பட்டினத்துல ஒன் சிநேகிதன் இருக்கான்ல? எறா என்ன வெலைன்னு கேளு."

"யாவாரம் பேசக்கூடாதுங்க மச்சான்."

"மழையில எவன் கேக்கப்போறான்?"

"எல்லாரும் கேக்கலாங்கிறதுதான் சட்டமே."

அவர் மைக்கைப் பிடுங்கி, பொத்தானை அழுத்தி, சந்தையில் கூவுவதுபோல விலை கேட்டார். என் கையாலாகாத்தனத்தை நினைத்தால் இன்றும் வெட்கம்தான். அங்கிட்டிருந்து சிநேகிதன் நிதானமாகச் சொன்னான்: "இதுக்குப் பதில் சொல்ல முடியாதுங்க."

பிறகு ஒரே இரைச்சல். யாராவது புகார் செய்தால் லைசென்ஸ் போய்விடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருக்கலாம். நான் மைக்கை வாங்கி, லைசென்ஸோடு எனக்குத் தந்த அழைப்புக்குறியை, பேசுவது யார் என்று எல்லோருக்கும் தெரியச் சொன்னேன். "இப்பப் பேசுனது எங்க மச்சான். மைக்க விட்டது என் தப்பு. இனிமே நடக்காது."

"கேட்டோம்" என்றது ரேடியோவில் ஒரு திருமயத்துக் குரல். "கேட்டோம்" என்றது அன்னவாசல்.

"ஊரறிய என்னைய அசிங்கப்படுத்திட்டீல்ல. நாளையிலேருந்து கடைக்கு வராத" என்றார் மச்சான்.

"வரலைங்க."

வேலையும் அறையும் போயின. மழையில் செட்டைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். லைசென்ஸ் மட்டும் போகவில்லை.

இப்போது அறந்தாங்கியில் யார் வீட்டு மாடியிலும் ஆன்டெனா இல்லை. திருமயத்துக்காரர் இறந்துவிட்டார். அன்னவாசல்காரர் மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். நம் பேச்சைப் பிறர் கேட்க முடியாது என்று கைபேசி பெருமையடிக்கிறது. இருக்கட்டும். ஞாயிறுதோறும் நான் என் அழைப்புக்குறியைத் திறந்த காற்றில்தான் சொல்கிறேன். ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன்.

"கேட்டோம்" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.