நீச்சல் குளத்துக்குப் பஞ்சர் பார்த்தது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலையில் எனக்கு மேலே ஒருவன் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தால், அவனை நான் இன்னும் பார்க்கவில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கோணிச் சாக்கையும் ஒரு தண்ணீர்ச் சட்டியையும் வைத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் கட்டுகிற கம்பெனி நடத்துகிறேன். எங்கள் இன்ஜினீயர்கூடச் சந்தேகம் வந்தால் டியூபை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்பார். சும்மா சொல்லவில்லை, வந்து பார்க்கலாம்.

அப்படிப்பட்டவன் வீட்டுக் குளமே ஒழுகினது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கள் தோட்டத்தில் கட்டிய நீச்சல் குளத்தைச் சொல்கிறேன். பவிசுக்காகக் கட்டியதில்லை. கொஞ்சம் பவிசும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முக்கியக் காரணம் என் மனைவியின் முட்டி. இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. ஆபரேஷன் என்றதும் அழுதுவிட்டாள். அப்படியானால் தினமும் மார்பளவு தண்ணீரில் நடந்து பாருங்கள் என்றார் டாக்டர். அடுத்த மாதமே குழி வெட்டிவிட்டேன். நாலு பக்கமும் சுவர், தரைக்கு மணல், அதற்குமேல் குழி முழுக்க ஒரே நீல பிளாஸ்டிக் ஷீட். லைனர் என்பார்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான்.

பக்கத்துத் தோட்டம் அவள் அண்ணனுடையது. என் மச்சான் வாயில் எனக்கென்று ஒரு கிண்டல் எப்போதும் தயாராக இருக்கும்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நாங்கெல்லாம் வாழைக்குத் தண்ணியில்லாம வானத்தைப் பாக்கறோம். நீங்க தண்ணிக்கு மெத்தை போட்டுப் படுக்க வெக்கறீங்களே."

சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் நடந்தாள். திருப்பூரில் எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஆட்கள் யாரும் வந்துவிடக் கூடாதென்று என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, காலையில் தவறாமல் நடந்தாள். வருஷம் திரும்புவதற்குள் யார் கையையும் பிடிக்காமல் காரிலிருந்து இறங்கினாள்.

இந்தக் கோடையில் தண்ணீர் மட்டம் இறங்க ஆரம்பித்தது.

"வெயில் குடிச்சுப்போடுதுங்க" என்றார் மச்சான்.

"வெயிலா ஓட்டையான்னு நாளைக்குச் சொல்றனுங்க" என்றேன்.

ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, மிதக்காமலிருக்கக் கல்லைப் போட்டு, குளத்துப் படியில் வைத்தேன். பக்கெட்டிலும் குளத்திலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டேன். வெயில் குடித்தால் இரண்டிலும் ஒரே அளவுதானே குடிக்கும்? மறுநாள் பக்கெட்டில் நகத்தளவு குறைந்திருந்தது. குளத்தில் நாலு விரல். தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்டுகிற மோட்டாரை நிறுத்திப் பார்த்தபோதும் அதே கணக்கு. ஆகவே பைப்பில் கோளாறில்லை, ஷீட்டில்தான்.

எந்த இடம்? டியூப் என்றால் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கலாம். குளத்தை எதில் முக்குவது? சொட்டு நீலம் விட்டால் ஓட்டை அதை இழுக்குமே என்று விட்டுப் பார்த்தேன். நீல ஷீட்டில் நீலம் எங்கே தெரியும்! என் மனைவிதான் மஞ்சளும் சுண்ணாம்பும் கெட்டியாகக் கரைத்து ஆரத்தித் தண்ணீர் கொண்டுவந்தாள். மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சில் அதை ஏற்றி, மூச்சடக்கி முங்கி, தரையோரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். மற்ற இடங்களில் புகைபோலக் கலைந்து போனது. படிக்குப் பக்கத்தில் மட்டும் நூல் இழுத்தாற்போலக் கீழே இறங்கியது.

"குளத்துக்கு ஆரத்தி எடுக்கற ஊடு இது ஒண்ணுதானுங்க" என்றார் கரையில் நின்ற மச்சான்.

தண்ணீருக்குள்ளேயே பிடிக்கிற பசை இருக்கிறது. ஒட்டுப் போட்டேன், நின்றது. ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மறுபடி இறங்கியது. இன்னொரு ஓட்டை. அதையும் ஒட்டினேன். அப்புறம் வேறொன்று.

ஒருநாள் காலை, நடந்துகொண்டிருந்தவள் "மாமா!" என்று அலறினாள். அப்படியே குதித்துப் போய்க் கையைப் பிடித்தேன்.

"கால் உள்ள போவுதுங்க. தரை அமுங்குது."

ஒழுகிய தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் மணலை அரித்துப் பள்ளமாக்கியிருக்கிறது. அவளைக் கரையேற்றினேன். "இனிமே இதுல எறங்கமாட்டனுங்க. கத்தியே வெக்கட்டும்" என்றாள். கத்தி என்றால் அழுகிறவள் வாயிலிருந்து அது வந்தது.

வெயில் படுகிற விளிம்பில் ஷீட்டைக் கிள்ளி மடித்துப் பார்த்தேன். டியூபையும் இப்படித்தான் பார்ப்பேன். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் சரக்கு செத்துவிட்டது, ஒட்டுக்குமேல் ஒட்டுப் போடுவது வீண். கோடு விழுந்தது.

"ஷீட்டையே மாத்திப்போடலாம்" என்றேன்.

"மண்ணைக் கொட்டி மூடிப்போடுங்க மாப்பிள்ளை. முருங்கை வெச்சாக் காயாச்சும் கெடைக்கும்."

"மூடறதுக்கா வெட்டுனேன்? வேலை முடியற வரைக்கும் உங்க தங்கச்சி உங்க தோட்டத்துத் தண்ணித் தொட்டியில நடக்கட்டுமுங்க. காவலுக்கு நீங்க நில்லுங்க."

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், மச்சான் தொட்டியில் பாசி போகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

குளத்துக்குக் குளோரின் மருந்து போடுவதைச் சில நாள் நிறுத்தி, தண்ணீரையெல்லாம் தென்னைக்கு விட்டோம். லைனர் கம்பெனிக்காரர் வந்து பழைய ஷீட்டை உருவினார். பள்ளத்தில் மணலை நிரவிவிட்டுப் புதுசை விரிக்கப் போனார்.

"நில்லுங்க" என்றேன்.

டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளைத் தேடாமல் நான் புது டியூப் மாட்டியதே கிடையாது. முள் உள்ளேயே இருந்தால் புது டியூபும் அன்றைக்கே போச்சு. வேட்டியை மடித்துக் கட்டி, குழிக்குள் மண்டியிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போனேன். ஓட்டை இருந்த இடத்துக்கு நேர் கீழே சுருக்கென்றது. ஊசி முனைபோல வெள்ளையாக ஒரு முளை. பக்கத்திலேயே இன்னொன்று.

மச்சான் எட்டிப் பார்த்தார். கிண்டல் காணாமல் போயிருந்தது. "கோரைங்க மாப்பிள்ளை. கெழங்கு அடியில கெடக்குது. இது தார் ரோட்டையே குத்திட்டு வரும், உங்க ஷீட்டு எம்மாத்திரம்."

"கோரைக்கெல்லாம் எங்க கேரண்டி இல்லீங்க" என்றார் கம்பெனிக்காரர்.

"கேரண்டி நான் தர்றனுங்க. நீங்க சுருக்கமில்லாம விரிச்சாப் போதும்."

முழ ஆழத்துக்குத் தோண்டினோம். மச்சான் தன் ஆட்களோடு உட்கார்ந்து கிழங்கைப் பொறுக்கினார். தரைக்குக் கான்கிரீட் போட்டு, காய்ந்ததும் மறுபடி முழுசும் தடவிப் பார்த்த பிறகுதான் ஷீட்டை விரிக்க விட்டேன்.

தண்ணீர் நிரம்பியது. அவள் கரையிலேயே நின்றாள். நான் இறங்கிப் போய், அவள் கால் புதைந்த இடத்தில் நின்று தொம் தொம்மென்று குதித்தேன்.

"இந்த வயசுல ஆடாதீங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஒரு காலை வைத்து அமுக்கினாள். அப்புறம் மறு காலையும். "கெட்டியாத்தானுங்க இருக்குது."

மறுநாள் பார்த்தால் படியில் ஒரு பக்கெட். உள்ளே கல். கோடும் போட்டிருக்கிறது.

"யாரு வெச்சது?"

"நாந்தான். உங்களை நம்பாம இல்லீங்க. குளத்தைத்தான் இன்னும் நம்பலை."

அடுத்த நாள் காலை இரண்டு பேருமாகக் குனிந்து பார்த்தோம். பக்கெட்டிலும் குளத்திலும் ஒரே மட்டம். அவள் பக்கெட்டைத் தூக்கிக் கரையில் கவிழ்த்துவிட்டு, தண்ணீரில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

நான் காவலுக்கு நின்றேன். அதிலும் எனக்கு மேலே ஆள் கிடையாது.