நாற்றம் பிடிக்கும் ஏட்டையா

விடிந்ததும் விடியாததுமாய் ஆம்பூர் ரயில்வே கேட்டருகே நின்று மூச்சை ஆழ இழுக்கிறார் ஏட்டு கோதண்டபாணி. தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் ஊரையே தூக்குகிறது. நாங்களெல்லாம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறோம். இந்த மனிதர் என்னவோ மல்லிகைத் தோட்டத்துக்கு வந்தவரைப் போல மீசையைத் தடவிக்கொள்கிறார்.

“இன்னைக்கு நாத்தம் ஜாஸ்தி சார். பேஜார் இல்ல.”

காற்று சுத்தமாக வீசினால்தான் அவர் மூக்கைச் சுளிப்பார்; ஷாப்புகளில் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். சீமையில் தோல் விலை விழுந்ததிலிருந்து பாதி ஷாப்புகளில் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன. வேலை போன பையன்கள் கூட்ஸ் ஷெட்டைச் சுற்றத் தொடங்குவார்கள். ஏட்டு லத்தியோடு முதல் ஆளாக அங்கே போய் நிற்பார். அடிக்க அல்ல, “வூட்டுக்குப் போங்கடா, என் கையில மாட்டிக்காதீங்கடா” என்று கெஞ்ச! திருட வந்தவனைக் கெஞ்சும் போலீஸை நான் வேறெந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அப்படியும் போன மாதம் சாமுவேல் மாட்டிக்கொண்டான். பதினைந்து வயது. நிசார் அஹமது சாயபுவின் ஷாப்பில் வேலை போனவன், அதே ஷாப்பின் கிடங்கில் தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டைக் கட்டு ஒன்றைத் தூக்கிவிட்டான். ஏற்கெனவே மாஜிஸ்திரேட் எச்சரித்து விட்ட பையன். இன்னொரு தரம் கோர்ட் ஏறினால் சிறுவர் ஜெயில்தான்.

ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்த சாயபுவிடம், நான் பார்த்துக்கொண்டிருக்க, பேனாவைத் தொடாமலே ஏட்டு கேட்டார்: “இவன் உங்க தொட்டியில நின்னப்போ இன்னா பாய் காணாமப் போச்சு?”

“ஒண்ணும் போகல.”

“அப்போ திரும்ப நிக்க வையுங்க.”

“யாபாரமே கம்மி ஏட்டையா. இதுல திருடனுக்கு வேலையா?”

“இனி ஒரு பட்டை காணாமப் போச்சுன்னா, என் தொப்பியைக் கழட்டி வெச்சுடறேன் பாய்.”

அந்தத் தொப்பி போனால் ஏட்டு வீட்டில் உலை கொதிக்காது. சாயபு தாடியை நீவிவிட்டு, புகார் கொடுக்காமலே எழுந்தார், பையனையும் கூட்டிக்கொண்டு.

நேற்று மாலை கேட்டருகே ஏட்டோடு நின்றிருந்தேன். காற்றில் வாடையே இல்லை. சாயபுவும் ஷாப்பை மூடிவிட்டாரோ என்று ஏட்டின் முகம் சுண்டிப்போயிருந்தது. அப்போது சாமுவேல் வந்தான். முழங்கால் வரை தொட்டிச் சுண்ணாம்பு, தலைமுடியெல்லாம் பச்சைத்தோல் வீச்சம். என் கை தானாகவே துண்டைத் தேடியது. பையன் கூசிப்போய் ஒதுங்கினான்.

“எங்கடா ஓடறே? இப்படி வா,” என்று அவனை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, உச்சி முகர்ந்தார் ஏட்டையா.