பேனர் கடையில் கேட்ட சம்மதம்

இன்று உத்திரமேரூர் பேனர் கடையில் எனக்கு முன்னால் திருப்புலிவனத்துப் பெரியவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அறுபதாம் கல்யாணம். பெங்களூர் மகள் பேனருக்கான வாசகத்தை இங்கிலீஷில் அனுப்பியிருந்தாள். அதில் ‘ரீகமிட்’ என்று ஒரு சொல்.

கடைக்காரப் பெண் என்னைக் கைகாட்டினாள்.

“இதுக்கு இன்னா அர்த்தம் டீச்சர்?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ஏற்கெனவே சம்மதிச்ச ஒண்ணுக்கு, மறுபடியும் மனசார சம்மதிக்கிறதும்மா.”

(வெளியே வந்தவரைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்புவதற்கும் அதே சொல்தான். அதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?)

அந்த அம்மா சிரிக்கவில்லை. “மறுபடியும்னா, மொதல்ல யாருனா என்னைக் கேட்டிருக்கணுமே. எங்க நைனா தலையாட்னாரு, இவுரு தாலி கட்னாரு.”



பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “செரி, இப்ப கேக்கறேன். என்னைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?”

“யோசிச்சு சொல்றேன். அதுவரைக்கும் பேனரு அடிக்கறது நிக்கட்டும்.”

பெரியவர் மனைவிக்கு டீ வாங்கிவரக் கிளம்பினார். ரோட்டைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அந்த அம்மா கடைக்காரப் பெண்ணின் பக்கம் குனிந்தார்.

“அடிச்சிடும்மா. அவுராண்ட மட்டும் இப்ப சொல்லாத. கொஞ்ச நேரம் காத்துக்கினு இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், “நீங்க என்னை எப்பவாவது கேட்டிருக்கீங்களா?” என்றேன்.

“இன்னாத்த?” என்றுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

எங்கள் அறுபதாம் கல்யாணப் பேனருக்கு இப்போதைக்கு அவசரமில்லை. உங்கள் வீட்டு நிலவரம் எப்படி?