லைனா, டேப்பா, மொபெட்டா

ஒரு தொழில்நுட்ப முடிவை மொபெட்டுக்காக எடுத்தேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது கொஞ்சம் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கப்பலூரில் பம்புசெட்டுக்கு வேண்டிய ரப்பர் வாஷரும் பெல்ட்டும் செய்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் மட்டும்தான். ஃபேக்டரியில் பீரோ உயரத்துக்கு ஒரு சர்வர் நின்றது. மதுரை டவுனில் இருந்த விற்பனை ஆபீசுக்கும் அதே ரகத்தில் சின்னதாக ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டார். ஃபேக்டரியில் என்ன சரக்கு இருக்கிறது என்று டவுனில் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு வழி. தினமும் சாயங்காலம் ஸ்டாக் விவரத்தை டேப்பில் நகலெடுத்து, மறுநாள் காலையில் டவுன் சர்வரில் ஏற்றலாம். அல்லது மோடம் வைத்து, டெலிபோன் லைன் வழியாக ஃபேக்டரி சர்வரையே நேரடியாகப் பார்க்கலாம்.

"ரெண்டையும் ஒரு மாசம் ஓட்டிப் பாரும்மா. எது தோதுன்னு எழுதிக் குடு, அதையே வச்சுக்கிருவோம்" என்றார் முதலாளி.

டேப்பை யாராவது கொண்டுபோக வேண்டும். நான் குடியிருந்தது விளாங்குடி. டவுனைத் தாண்டித்தான் ஃபேக்டரிக்கு வர வேண்டும். அதனால் கம்பெனியின் பச்சை மொபெட் என்னிடம் வந்தது. சாயங்காலம் டேப்போடு வீட்டுக்குப் போவேன், காலையில் டவுனில் இறக்கிவிட்டு வேலைக்கு வருவேன். அதுவரை இரண்டு பஸ் மாறி, யாரோ ஒருவரின் முழங்கைக்கு அடியில் நின்றே வந்துகொண்டிருந்தவள். களையெடுக்கவும் கதிரறுக்கவும் அடுத்தவர் வயல்களுக்கு நடந்தே பழகிய குடும்பம் எங்களுடையது. சக்கரம் வைத்த சொந்தப் பொருள் எதுவும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. மொபெட்டும் சொந்தமில்லைதான், ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

லைன் ஜெயித்தால் டேப் நின்றுவிடும். டேப் நின்றால் வண்டி போய்விடும். இது புரிய எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

ஃபேக்டரியில் மோடத்துக்கென்று தனி லைன் கிடையாது. டெலிபோன் ஆபரேட்டர் அக்காவின் மேஜையில் இருந்த போனும் அதே லைன்தான். யாராவது ரிசீவரைத் தூக்கினால் மோடம் திணறி லைன் அறுந்துவிடும். "அக்கா, பத்தரை மணிக்கு மேல அப்பப்பச் சும்மா ஒருக்கா போனைத் தூக்கிப் பாருங்களேன்" என்றேன். ஏன் எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. "எம்புட்டு நேரம் புடிச்சிருக்கணும்?" என்றுதான் கேட்டார்.

டவுன் ஆபீசைப் பார்த்துக்கொண்ட அண்ணன் சௌராஷ்டிரக்காரர். கோபம் வந்தால் வீட்டு மொழிக்குத் தாவிவிடுவார், எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அந்த மாதம் அவர் தமிழ் பேசியது குறைவு. லைன் அறுந்தது, அறுந்தது, அறுந்தது என்று என் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். நகல் ஒரு நாளும் அறுந்ததில்லை என்பதையும் மறக்காமல் எழுதினேன்.

மூன்றாவது வாரம், நான் டேப்பை இறக்கப் போயிருந்த நேரத்தில், டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். முந்தின நாளே போன் போட்டு, லைன் அறுந்திருந்ததால் நகலைப் பார்த்து அண்ணன் "அறுபது பெல்ட் இருக்கு, வாங்க" என்று சொன்னதை நம்பி வந்தவர். அந்த அறுபதும் அண்ணன் அப்படிச் சொல்வதற்கு முன்பே திண்டுக்கல் லாரியில் ஏறியிருந்தது. நகலுக்கு அது தெரியாது.

"அறுப்பு நேரத்துல கடைய அடச்சிட்டு வந்திருக்கேன். வாயத் தொறந்தா பொய்யாய்யா ஒனக்கு?" என்று கடைக்காரர் கத்தினார். அண்ணன் பொய்யே சொல்லாத மனுஷன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அசிங்கமாக இருந்தது.

கடைக்காரர் போனதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் சௌராஷ்டிரத்தில் பேசினார். கடைசியில் தமிழுக்கு வந்து, "மொதலாளிகிட்டச் சொல்ல மாட்டேன். ஆனா ஒழுங்கா எழுதிக் குடு" என்றார்.

ஒழுங்காக எழுதினேன். லைனே மேல், மோடத்துக்குத் தனி லைன் வேண்டும் என்று எழுதி, அந்தக் காகிதத்தின் மேலேயே மொபெட் சாவியையும் வைத்தேன். மறுநாள் பஸ்ஸில் ஒரு கூடை முருங்கைக்காய் விளாங்குடியிலிருந்து டவுன் வரை என் விலாவைக் குத்திக்கொண்டே வந்தது. நல்லவளாக இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

தனி லைன் வந்தது. பத்து நாள் பிரமாதமாக ஓடியது. பிறகு ஐப்பசி மழை பிடித்தது, பூமிக்கடியில் எந்தக் கேபிளில் தண்ணீர் இறங்கியதோ, நிமிடத்துக்கு ஒரு தரம் லைன் அறுந்தது. மூன்றாவது நாள் அண்ணன் தொப்பலாக நனைந்துகொண்டு கப்பலூருக்கே வந்துவிட்டார். போனில் பேசினால் ஆபரேட்டர் அக்கா ஒட்டுக் கேட்பார் என்று பயமாம்.

"தாயி, போதும். லைனை விட்டுரு."

"அண்ணே, சத்தியமா நான் இல்லண்ணே! மழைண்ணே!"

"மழையாம்ல" என்று என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே விட்டத்தைப் பார்த்தார். அண்ணன் நேராக முதலாளி அறைக்குள் போனார். லைன் நல்லதுதான், ஆனால் நம்பி உட்கார முடியாது, தினமும் ஒரு நகலும் டவுனில் இருந்தே ஆக வேண்டும், அதுவும் அந்தப் பிள்ளைதான் கொண்டுவர வேண்டும் என்று அவர் அடித்துப் பேசியது வெளியே எனக்குக் கேட்டது.

திரும்பி வந்து சாவியை என் மேஜையில் வைத்தார். "இந்தா. இனி லைன் அறுந்துபோகக் கூடாது, ஆமா."

மழையில் லைன் கெட்டுவிட்டதென்று டெலிபோன் ஆபீசில் கொடுத்த புகாரின் ரசீது என் டிராயரிலேயே இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் என் மானம் திரும்பியிருக்கும். டிராயரை முழங்காலால் மெதுவாக மூடிவிட்டு, "இனி அறுந்துபோகாதுண்ணே" என்றேன்.