ஃபோகல்ஸ்பெர்க் ஜில்லாவும் பன்னீர்செல்வமும்

உதிரிபாகப் பெட்டியைத் திறந்ததும் பன்னீர்செல்வம் முதலில் எடுப்பது பாகத்தை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் கசங்கிய செய்தித்தாளை. தொடைமேல் விரித்து, நடுவிலிருந்து உள்ளங்கையால் நீவி, மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்.

ராஸ் அல் கைமா கல்குவாரியில் பதினாறு வருடமாகக் கல்லுடைக்கும் கிரஷர் ஓட்டுகிறார். ஊர் அரியலூர்ப் பக்கம். கிரஷருக்கான பாகங்கள் வருவது ஜெர்மனியின் ஃபோகல்ஸ்பெர்க் மாவட்டத்திலிருந்து. அந்தத் தாள்களைக் கைப்பேசிக் கேமராவில் காட்டித் தமிழில் படித்துப் படித்து, மாவட்டமே அவருக்கு மனப்பாடம்.

"மலையே அணைஞ்ச எரிமலைதான் சார். முழுக்கக் கருங்கல்லு. இங்க இருக்குற சுண்ணாம்புக்கல்லு மாதிரி பொலபொலன்னு உதுராது." எழுபத்திரண்டில் பழைய மாவட்டங்களை இணைத்து அதை உருவாக்கினார்களாம். "எங்க அரியலூரப் பிரிச்சாங்க, சேத்தாங்க, திரும்பப் பிரிச்சாங்க. அங்க ஒரே தடவ சேத்தான், கலாஸ், முடிஞ்சுது!"

மெஸ்ஸில் கூட வேலை செய்யும் செய்கு முகம்மது சீண்டுவார்: "என்ன கலெக்டரே, ஒங்க ஜில்லாவுல மழையா?"

"மார்ச்சுல பனி. அதுக்கப்புறம் பேப்பர் வரல."

சென்ற மாதம் புதிய கிரஷரை ஒப்படைக்க ஜெர்மன் எஞ்சினியர் வந்தார். அதை ஓட்டப்போகும் ஆளை அவரே தேர்வு செய்வார். தேறாவிட்டால் பழைய கிரஷரோடு பன்னீருக்கும் வேலை முடிந்தது. சிபாரிசு செய்தவன் சூப்பர்வைசரான நான்; மொழிபெயர்க்கப் போகிறவனும் நான்தான். "மெஷினப் பத்தி மட்டும் பேசுங்க, ஜில்லாவ விட்ருங்க" என்று கெஞ்சியிருந்தேன்.

மூன்று நாள் ஓட்டிக் காட்டினார். எஞ்சினியர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி நாள் பன்னீர் வாயைத் திறந்தார்: "ஷ்வால்ம் ஆத்துல தண்ணி எப்படி சார்?"

மொழிபெயர்த்தேன்.

"நான் ஹாம்பர்க்காரன்," என்றார் எஞ்சினியர். "அங்கே ஆறெல்லாம் ரைன் நதிக்குத்தானே போகின்றன?"

"மாஃபி, இல்ல சார்!" பன்னீர் கல்தூளைக் குவித்து, உச்சியில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். நீர் சக்கரத்தின் ஆரக்கால்களாய்த் திசைக்கொன்றாக ஓடியது. "ஓம் ஆறு, நிடா ஆறு ரெண்டும் ரைனுக்கு. ஷ்வால்ம் வடக்க, வேசர் நதிக்கு."

எஞ்சினியர் கைப்பேசியில் தேடினார். இதெல்லாம் பெட்டிகளில் வரும் செய்தித்தாளில் படித்தது என்று அவசரமாகச் சொன்னேன்.

நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: "இவர் சொன்னதுதான் சரி. மூன்று நாள் ஓட்டியதிலும் ஒரு தவறும் இல்லை. பெட்டியில் திணித்த தாளையே இப்படிப் படிப்பவர், இயந்திரத்தின் கையேட்டை விடவா போகிறார்?"

புதிய கிரஷரின் சாவியைப் பன்னீரிடம் நீட்டினார். பிறகு குனிந்து, அருகிலிருந்த உதிரிபாகப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தன் தொடைமேல் நீவத் தொடங்கினார்.

பன்னீர் பதறி வாங்கினார். "நோ சார், ஓரத்துலேருந்து நீவுனா கிழிஞ்சிரும்."

நடுவிலிருந்து நான்கு பக்கமும் நீவிக் காட்டினார்.